அத்தை தேய்த்து வைத்த தட்டுகள்

எதிர் வீட்டு அத்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதிக் கோபம் அவள்மேல், மீதி அவளுடைய தம்பிமேல். தம்பி பெண்டாட்டிமேல் அவ்வளவு கோபம் இல்லை என்றால் நம்புவீர்களா? அவள் எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். வாயே திறக்காமல் காரியம் சாதிக்கிற ஆட்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

அத்தை என்றால் எனக்குச் சொந்த அத்தை இல்லை. எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் சின்ன வயதில் "அத்தை, அத்தை" என்று கத்திக் கத்தி, எங்கள் மாடியில் இருக்கிற எல்லாருக்குமே அவள் அத்தையாகிவிட்டாள். மாடிப்படி கூட்டுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவரோ அவளைவிட மூத்தவர்.

அவள் அந்த வீட்டுக்கு வந்ததே கொஞ்ச நாள் ஒத்தாசைக்குத்தான். அப்போது பை தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். தம்பி பெண்டாட்டிக்கு இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால் எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போக்கா" என்று தம்பி போய்க் கூட்டி வந்தான். அந்த இரண்டு மாதம் முடியவே இல்லை. பட்டறைக்காரர் அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார். ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. குழந்தை நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளினார்கள். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? குழந்தை நடந்தது, ஓடியது, கல்லூரிக்குப் போனது. அத்தை சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பாத்திரம் கழுவுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். முதலில் கண்ணாடி டம்ளர், அப்புறம் தட்டு, எண்ணெய்ச் சட்டி கடைசியில். எல்லாம் முடிந்தபின் தொட்டியையும் குழாயையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் நகர்வாள். கைதான் பாவம். விரல் நுனியெல்லாம் தோல் வெடித்து, குளிர் நாளில் ரத்தம் கசியும். மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, நான் தைத்துப் போடுகிற துணிகளில் தொங்குகிற நூலை வெட்டிக்கொண்டிருப்பாள். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவள் என்னைக் கூப்பிடுவதே "ஏ தையக்காரி" என்றுதான்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததும் முதல் வேலையாக ஒரு பாத்திரம் கழுவும் மெஷினை வாங்கிப் போட்டாள். "அத்தை கையைப் பாரும்மா, சகிக்கல. இனிமே அவங்க தொட்டியில கை வெக்கக்கூடாது" என்று அம்மாவிடம் ஒற்றைக் காலில் நின்றாள். தங்கமான பெண். அவள் நல்லதுதான் நினைத்தாள், அதுதான் வினையாகப் போனது.

மெஷினில் பாத்திரம் அடுக்குவதையும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டாள். தட்டு பளபளவென்று வந்தது. சமையலை எப்போதோ தம்பி பெண்டாட்டி எடுத்துக்கொண்டாயிற்று. பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. அத்தைக்கு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது பாத்திரம் ஒன்றுதான், அதுவும் போயிற்று. ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு தம்பி பெண்டாட்டி சொன்னாள்:

"பையனுக்குக் கல்யாணம் கூடி வருது. பின்னறை வேணும். அண்ணிக்கு நல்ல இல்லமா ஒண்ணு பாத்திருக்கோம். அவங்களும் எத்தனை நாள்தான் உழைப்பாங்க, பாவம்."

"ஆமா, இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பாவமா தெரியுது போல" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். என் வாய்க்கு அந்த மாடியில் அவ்வளவுதான் மரியாதை.

இல்லம் என்றால் முதியோர் இல்லம். அத்தைக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. அறுபதைத் தொடவில்லை.

இதற்கிடையில் அந்தப் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, அவள் கிளம்பிப் போனாள். மெஷினில் அடுக்குகிற வேலை அத்தையிடம் வந்தது. அத்தோடு மெஷினுக்குப் பிடித்தது சனியன். தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படலம், டம்ளரில் மூட்டம், கரண்டி இடுக்கில் பிசுபிசுப்பு. விலை உயர்ந்த பொடியாக மாற்றிப் பார்த்தார்கள். உப்பு போடுகிற இடத்தில் உப்பு போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மெஷினிலிருந்து எடுத்த பாத்திரத்தை அத்தை மறுபடியும் தொட்டியில் போட்டுக் கழுவினாள். இல்லத்துப் பேச்சும் அப்படியே அடங்கிப் போனது. பின்னே, அவளை அனுப்பிவிட்டு யார் கழுவுவது?

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "கடவுள் இருக்காரு அத்தை. அந்தச் சனியன் அப்படியே கெட்டுக் கிடக்கட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றேன். அவள் நூலை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

பெண் வீட்டார் பேசி முடிக்க வந்த அன்றைக்குத்தான் வெடித்தது. அவசரத்தில் மெஷினிலிருந்து எடுத்தபடியே அவர்கள் முன்னால் நீட்டிய டம்ளரில் சோப்பு மூட்டம். சம்பந்தியம்மா ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். அவர்கள் படியிறங்கிப் போனதுதான் தாமதம், எதிர் வீட்டுச் சத்தம் என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"பொண்ணு இருந்தவரைக்கும் நல்லா இருந்த மெஷின், உங்க கைக்கு வந்ததும் எப்படிக் கெட்டுச்சு அண்ணி? நான் ஒண்ணும் பச்சக் குழந்தை இல்ல. போகக்கூடாதுன்னு வேணும்னே பண்றீங்க!"

அத்தை நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"திருடின்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் தையக்காரி. வேணும்னே கெடுத்தேனாம். உனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காருன்னியே, அவரை வரச் சொல்லு."

"பைத்தியமா உங்களுக்கு? அது சரியாயிட்டா உங்க கதி என்ன?"

"என்ன ஆனாலும் ஆகட்டும். இந்தப் பழியோட என்னால அங்க ஒரு வாய் சோறு திங்க முடியாது."

நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் என் கையாலேயே போன் போட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தார். நானும் உரிமையோடு உள்ளே போய் நின்றுகொண்டேன். தம்பிக்காரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் கீழ்த்தட்டை வெளியே இழுத்தார், அடியில் இருந்த சல்லடையைக் கழற்றினார், தண்ணீர் பீய்ச்சுகிற சுழல் குழாயின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது.

"எப்பவும்போல அடுக்கி ஓட விடுங்கம்மா, பாப்போம்" என்றார்.

அத்தை தொட்டியில் தயாராக வைத்திருந்த காலை டிபன் தட்டுகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு மெக்கானிக் நடுவிலேயே கதவைத் திறந்தார். உள்ளிருந்து நுரை பொங்கித் தரையில் வழிந்தது. அவர் செருப்பெல்லாம் நுரை.

"அடக் கடவுளே! பாத்திரம் கழுவுற சோப்பை உள்ள ஊத்துனது யாரு?"

தம்பி பெண்டாட்டி உடனே அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். 'சொன்னேன் பார்த்தீர்களா' என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"உள்ள யாரும் ஊத்தலைங்க" என்றாள் அத்தை. "நான் வெளிய சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சிடுவேன். தேய்ச்சு உள்ள வெச்சா அது அலசிக்கும்ல? நாலு பேர் தின்ன எச்சித் தட்டை அப்படியே எப்படிங்க உள்ள வெக்கிறது? அசிங்கமா இருக்காதா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்த மனிதருக்கு என்ன தெரியும்?

"இதுல நுரையே வரக்கூடாதும்மா. நுரை வந்துட்டா பம்பு காத்தைத்தான் இழுக்கும், தண்ணி வேகமா அடிக்காது. அந்த நுரைதான் தட்டுல ஒட்டிக் காயுது. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மிச்சம் மீதியைக் குப்பையில தட்டிட்டு அப்படியே அடுக்குங்க. நீங்க கழுவாம இருந்தாப் போதும், அதுதான் ரிப்பேரு."

அத்தை நின்ற இடத்திலேயே கூனிக்குறுகிப் போனாள். இத்தனை நாளும் அவள் ஒரே தட்டை மெஷினுக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் கழுவியிருக்கிறாள், கெட்டதும் அந்த முதல் தரத்தால்தான்.

"சரி, வேணும்னு பண்ணலைன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றாள் தம்பி பெண்டாட்டி. ஏதோ பரிசு கொடுக்கிற தோரணை. மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் நுழையாது.

மெக்கானிக் வெறும் மெஷினை இரண்டு தரம் ஓடவிட்டு நுரையையெல்லாம் வெளியேற்றினார். மறுபடி அடுக்கச் சொன்னார். இந்தத் தடவை எண்ணெய்ப் பிசுக்குத் தட்டு, காய்ந்துபோன சட்டி எல்லாவற்றையும் அப்படியே வைக்கவேண்டும். அத்தைக்குக் கை வரவில்லை. ஒரு தட்டை எடுத்துப் பழக்க தோஷத்தில் குழாய்ப் பக்கம் திரும்பினாள். "அண்ணி!" என்று ஒரு அதட்டல். உள்ளே வைத்தாள்.

மெஷின் ஓடி முடிந்தது. கதவைத் திறந்ததும் குபீரென்று ஆவி வந்தது. தம்பி பெண்டாட்டி ஒரு தட்டை எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணி. அப்புறம் நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

அத்தை தட்டை வாங்கினாள். கட்டைவிரலால் விளிம்பு முழுக்கத் தடவினாள். மோந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிசுக்கு போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லு அத்தை, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் அலறினேன். பாத்திர விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான், அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம்.

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"ஒரு குறையும் இல்ல. நான் கழுவுறதைவிட நல்லாவே இருக்கு" என்றாள்.

தம்பிக்காரன் பேப்பரை மடித்து வைத்தான். "நல்லதாப் போச்சு. மெக்கானிக்குக்கு டீ குடுங்க" என்றான்.

டீ போட்டதும் அத்தைதான்.

அடுத்த வாரமே காரில் ஏற்றினார்கள். ஒரு பெட்டி, ஒரு போர்வை, அவ்வளவுதான் அவள் சொத்து. என்னால் பொறுக்க முடியவில்லை. படியிலேயே தம்பிக்காரனை மறித்துக் கேட்டேன். "ஏங்க, நீங்க கூப்பிட்டுத்தானே வேலையை விட்டுட்டு வந்தாங்க? உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" அவன் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அக்காவுக்கும் ஓய்வு வேணும்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். ஓய்வாம்! என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

போன மாதம் இல்லத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடம். நீளமான கூடம், சுவரோரமாக வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் யாரும் பார்க்காத டிவி. அத்தை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கை வெடிப்பெல்லாம் ஆறி, விரல்கள் வழவழவென்று இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"ஏன் அத்தை அன்னிக்கு உண்மையைச் சொன்னீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "சுத்தமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? பழிதான் தீர்ந்துபோச்சே! அப்புறமும் எதுக்கு அரிச்சந்திரி வேஷம்?"

அவள் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு தையக்காரி" என்றாள். "ஆனா தட்டுக்காகத்தான் என்னை வெச்சிருந்தாங்களான்னு எனக்குத் தெரியணும் போல இருந்துச்சு. மெஷின் பாட்டுக்குக் கழுவட்டும், அக்கா பாட்டுக்கு இருக்கட்டும்னு அவன் சொல்லுவான்னு நெனச்சேன். அவன் மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."