ஆறு மணிக்குத் திருப்பி மாட்டிய பலகை

பிரிக்பீல்ட்ஸில் என் மகள் பாடிய இடம் பகலில் உணவகம், மாலையில் பப். சுவரில் புகைபிடிக்கக் கூடாது என்று ஒரு பலகை தொங்கும். ஆறு மணியானதும் பணியாள் அதைத் திருப்பி மாட்டுவார். பின்பக்கம் பீர் விலை எழுதியிருக்கும். பிறகு மேசைக்கு மேசை சாம்பல் தட்டு வைப்பார்.

தொண்ணூறுகளில் குளிர்சாதன உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. பப்புக்கும் இரவு விடுதிக்கும் விலக்கு இருந்தது. அறை ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒரு நாள் அந்தப் புகையில் பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் சரிந்துவிட்டாள். டிரம்ஸ் வாசிப்பவர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்றும் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன்.

புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். தேறியதும் அவள் மறுபடி கிளம்பினாள்.

"பாடாம வீட்டுல கெடந்தாலும் மூச்சு முட்டுதும்மா."

அதற்கு மேல் தடுத்தால் வீட்டை விட்டே போய்விடுவாள். அவளை விட்டுவிட்டுப் புகையைத் தடுப்பது என்று முடிவு செய்தேன். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அந்தக் கடை முதலாளியிடம் போனேன்.

"ஆன்டி, ஆறு மணிக்கு மேல இது பப் லா. ரூல் கெடையாது," என்றார்.

"ஆறு மணிக்கு மேல என் பிள்ளைக்கு வேற நுரையீரலா வரும்?"

"சிகரெட்ட அணைன்னு சொன்னா, கஸ்டமர் பீரையும் வெச்சிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுவான். நான் என்னா பண்றது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. சட்டம் அவர் பக்கம். ஆனால் காசு கொடுத்து உட்காருகிறவரை எழுப்ப அவருக்கும் சட்டமில்லை. மேடைக்கு முன்னாலிருந்த மேசையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்த லிமாவ் ஐஸ் ஒன்று சொன்னேன். சாம்பல் தட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினேன். அன்று முதல் அவள் பாடும் நாளெல்லாம் அங்கேதான் இருந்தேன். மாணவர்களின் வீட்டுப்பாடத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். மகள் என் பக்கம் திரும்பாமலே பாடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, விரலிடுக்கில் சிகரெட்டோடு ஒருவர் வந்து நின்றார்.

"ஆன்டி, இது நான் எப்பவும் உக்கார்ற டேபிள்."

"உக்காருங்க தம்பி, நாலு நாற்காலி இருக்கு. அத மட்டும் வெளிய போட்டுட்டு வாங்க. பாடுற பிள்ளைக்கு ஆஸ்துமா."

பின்னாலிருந்து அவர் கூட்டாளிகள் கத்தினார்கள். "டேய், ஒங்கம்மா வந்துட்டாங்கடா! ஓடிடு!"

கடையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போய் அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். அடுத்த வாரம் கூட்டாளிகளையும் அழைத்து வந்தார். புகைக்க வேண்டுமென்றால் கடை வாசலில் இருக்கும் ஐந்தடிப் பாதைக்குப் போய்விட்டு வந்தார்கள். முன்வரிசை மேசைகளில் சாம்பல் தட்டு வைப்பதைப் பணியாள் தானாகவே நிறுத்திவிட்டார். பின்வரிசையில் புகை இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மேடையில் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

ஒரு நாள் இடைவேளையில் மகள் வந்து என் லிமாவை எடுத்துக் குடித்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்."

"அந்தச் செவப்புப் பேனாவ மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்கம்மா. எனக்கே மார்க் போடற மாதிரி இருக்கு."