புள்ளி அசையாமல் நின்றது

பீடோர் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எனக்கு முன்னால் மாடு ஏற்றிய லோரி நின்றது. சாணி, மூத்திர வாடை காருக்குள் வந்தது. நான் கண்ணாடியை ஏற்றவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதும், பனங்கன்றுகளைக் கடித்துவிடும் என்று மாடுகளை அவிழ்த்துவிடத் தடை போட்டார்கள். அதிலிருந்து எங்கள் பசு புள்ளி, லயத்து வீடுகளுக்குப் பின்னால் தனியாகவே கட்டிக் கிடந்தது. கலப்பின மாடு. நாட்டு மாடுபோல் பருவத்துக்கு வந்தால் கத்தாது. வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அம்மா தினமும் விடியலில் வாலைத் தூக்கிப் பார்ப்பார். சினை ஊசிக்காரரைக் கூப்பிட ஓர் அடையாளமும் தெரியவில்லை. பாலும் வற்றியது.

“மலட்டு மாட்டுக்கு எவ்வளவு நாளுதான் புல்லறுக்கிறது? கறிக்குக் குடுத்துடலாம் லா,” என்றார் அப்பா.

மழை தூறிய ஒரு காலையில் மாட்டு வியாபாரியின் லோரி வந்தது. உள்ளே ஏற்கெனவே சில மாடுகள். புள்ளியை ஏற்றியதுமே ஒரு மாடு அதன்மேல் தாவியது. புள்ளி விலகவில்லை. அசையாமல் நின்றது. பருவத்தில் இருக்கும் பசுதான் அப்படி நின்றுகொடுக்கும். அம்மா மாதக்கணக்காகத் தேடிய அடையாளம் அதுதான்.

அம்மா ஓடினார். “எறக்குங்க அண்ணே! மாடு பருவத்துல இருக்கு! அதுக்கு ஒரு கொறையும் இல்ல, பக்கத்துல இன்னொரு மாடுதான் இல்ல!”

“பேசி முடிச்சாச்சு அக்கா,” என்று வியாபாரி பின்கதவைச் சாத்தினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறிக்குப் போகிற வண்டியில்தான் புள்ளிக்குத் துணை கிடைத்தது.

விளக்கு பச்சையானது. லோரி குலுங்கி நகர்ந்தது. எந்த மாடு அசையாமல் நிற்கிறது என்று என் கண் தேடியது.