பாட்டு எட்டும் தூரம்

கோல சிலாங்கூரில் கார் ரேடியோ பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஜெராமில் மீன்பிடிப் படகு ஓட்டும் ஒருவர், தன் படகில் தானே மாட்டிய கார் ரேடியோ பாடவில்லை என்று கூப்பிட, போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த தொப்பி போட்டிருந்தார். பேசும்போதும் ஒரு காதை ஸ்பீக்கர் பக்கமே சாய்த்து நிற்பார்.

காரில் என்றால் ரேடியோவின் கறுப்பு வயரை வண்டியின் இரும்பில் முடுக்கினால் போதும், மின்சாரம் அது வழியே பேட்டரிக்குத் திரும்பிவிடும். அவர் படகின் மரப்பலகையில் முடுக்கியிருந்தார். பேட்டரிக்கு இழுத்துக் கொடுத்ததும் பாடியது. ஏரியலுக்குப் பதிலாகத் துணி மாட்டும் கம்பி ஒன்றைச் செருகியிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்ததால் நல்ல ஏரியல் ஒன்றை இனாமாகவே மாட்டிவிட்டேன்.

இரண்டு நாளில் பழைய கம்பியும் கையுமாகக் கடைக்கு வந்தார்.

"தம்பி, இதையே திரும்பப் போட்டுக் குடு லா."

"ஏண்ணே, புதுசு சரியா எடுக்கலையா?"

"ரொம்ப தூரம் எடுக்குது. கரையை விட்டுத் தூரம் போய் பாட்டு இரைய ஆரம்பிச்சா திரும்பிடுவேன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். நேத்து பாட்டு நிக்கவே இல்ல. நானும் போய்க்கிட்டே இருந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றே போய் மாற்றிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் கடை ரேடியோ இரைந்தால் நான் உடனே குமிழைத் திருகுவதில்லை. அவர் இந்நேரம் படகைத் திருப்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.