மாமா தட்டிய பாறை

இரும்பு எப்போது உடையும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் மாமாவின் வேலை. அம்மாவின் அண்ணன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தார். பொருளறிவியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். ஊரில் யாராவது விசாரித்தால் அப்பா, "பாலத்துக்கும் பிளேனுக்கும் போடுற இரும்பு தாங்குமான்னு பாக்குறாக" என்று முடித்துக்கொள்வார். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அதே மாமா, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்று எழுத்துக்கு எழுத்து நம்பினார். உலகத்துக்கு வயது ஆறாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும் என்பார். நாங்கள் பல தலைமுறைக் கத்தோலிக்கர்கள். அவர் மட்டும் கல்லூரிக் காலத்திலேயே, சொரூபங்களை ஏற்காத வேறு சபைக்குப் போய்விட்டார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் அம்மா கூடத்தில் இருக்கும் மாதா சொரூபத்துக்கு முன்னால் பெரிய பூஜாடி ஒன்றை நகர்த்தி வைப்பாள். மாமாவும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவார். மாதாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

அப்பாவுக்கு அவரைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு குஷி.

"அந்தா நிக்குதே மேகமலை, அதுக்குமா மச்சான் ஆறாயிரம் வயசு?"

"அதுக்கும்தான் மாப்ள. அந்தப் பாறையெல்லாம் கண்ணை மூடித் திறக்குற நேரத்துல வந்தது. ஆற வச்சு எடுத்தது இல்ல."

"இதை ஒங்க ஆபீஸ்ல சொல்லுவீகளா?"

மாமாவுக்குக் கோபமே வராது. "ஆபீஸ்ல இரும்புகிட்ட எப்பப் பொறந்தேன்னு கேக்குறது இல்ல மாப்ள. எப்ப ஒடைவேன்னு மட்டும்தான் கேக்குறோம்."

எனக்கு அப்போது பதினொரு வயது. மாமா என்னிடம் உலகத்தின் வயதைப் பற்றிப் பேசியதில்லை. தட்டிக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். அவர் பையில் விரல் நீளத்துக்கு ஒரு சுத்தியல் எப்போதும் இருக்கும். டம்ளர், பித்தளைக் குடம், கதவின் தாழ்ப்பாள், எதைக் கண்டாலும் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல பொருள் கடைசி வரைக்கும் பேசும், விரிசல் விட்டது பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளும் என்பார். இயந்திரச் சத்தத்திலேயே இருந்து அவருக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. எதில் விரிசல் என்று நான் சரியாகச் சொல்லிவிட்டால், "ஒனக்கு லேப் காது ஆத்தா" என்று மெச்சுவார். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. உத்தமபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகும் பாதையில் எங்கள் திராட்சைத் தோட்டம். பந்தலில் கொடிகள் காய்ந்துகொண்டு வந்தன. பிஞ்சுகள் மிளகு மாதிரி சுருங்கிப்போயின. கிணற்றை ஆழப்படுத்தினால் ஒழிய அந்தக் கொடி கோடையைத் தாண்டாது என்று அப்பா கிரேனும் கம்ப்ரசரும் வைத்து ஆட்களை இறக்கினார். வெடி வைத்து, உடைந்த கல்லைத் தொட்டியில் மேலே ஏற்றி, வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ஆட்கள் சாப்பாட்டுக்காகக் கம்ப்ரசரை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் கீழேயே இருந்தார். அவர் தொட்டியில் ஏறி மேலே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை என்று அப்பா வந்து சொன்னார். மேற்குப் பக்கத்துப் பாறைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்களாம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் ஏறி வந்தார்கள். மறுநாள் ஒருவரும் கிணற்றுக்குள் கால் வைக்கவில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றி முன்பே ஒரு பேச்சு உண்டு. தாத்தா காலத்தில் முதன்முதலாக அதைத் தோண்டியபோது பாறை சரிந்து ஒருவர் உள்ளே போய்விட்டார் என்பார்கள். உடலை எடுத்தார்களா இல்லையா என்பதில் ஆளுக்கொரு கதை. கிணற்று மேஸ்திரி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "உள்ள இருக்கவன் நம்ம வேலைக்காரன்தான் அய்யா. வெளிய எடுக்கச் சொல்லித் தட்டுறான்" என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். கிணறு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்த மாதிரி இருந்தது.

அப்பா எதற்கும் அசராதவர். ஆனால் அவரும் கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். அம்மா அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை அவர் காரில் வந்து இறங்கினார். சாப்பிட்ட கையோடு தோட்டத்துக்குக் கிளம்பியவர் என்னையும் கூப்பிட்டார்.

"சின்னப்பிள்ளைய எதுக்கு மச்சான்?" என்றார் அப்பா.

"என் காது பத்தாது மாப்ள. கீழ வர வேணாம், படியில நின்னு கேட்டாப் போதும்."

எங்கள் கிணற்றின் கிழக்கு ஓரத்தில் பழைய கற்படிகள் பாதி ஆழம் வரை இறங்கி, ஒரு மேடையில் முடியும். அதற்குக் கீழே வெட்டியதெல்லாம் புதுசு. கிரேன் தொட்டியில்தான் போக முடியும். நான் அந்த மேடையில் உட்கார்ந்தேன். மேலே வெயில் கொளுத்தியது; அங்கே கல்லின் குளிர்ச்சி பாவாடை வழியாக ஏறியது. தொட்டி என்னைத் தாண்டி இறங்கும்போது, மாமா போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். அவர் கீழே இறங்கிக் கையை அசைத்ததும் கிரேனை நிறுத்தினார்கள். மேலே புறாக்கள்கூட இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் அந்தத் தோட்டத்தில் கேட்டதில்லை.

மாமா கிழக்கிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று பாறை நன்றாகப் பேசியது. வடக்கும் அப்படித்தான். மேற்கே போனதும் சத்தம் மாறியது. ஈரத்துணியைச் சுற்றி வைத்துத் தட்டியதுபோல் மொத்தையாக விழுந்தது. பாதியில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் அதே இடத்தில் மூன்று முறை தட்டினார். பிறகு காதைப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பாறைக்குள்ளிருந்து மூன்று சத்தம் வந்தது. எதிரொலி இல்லை, எதிரொலி அவ்வளவு நேரம் கழித்து வராது. அவர் தட்டியதைவிட நிதானமாக வந்தது. அறைக்குள் இருப்பவர் எழுந்து வந்து, எதற்காகக் கதவைத் தட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்பதுபோல.

மாமா காதைப் பாறையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு இரண்டு முறை தட்டினார். மறுபடி காத்திருப்பு. உள்ளே இரண்டு. எனக்கு ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மாமா சுத்தியலைக் கீழே போட்டார். உள்ளங்கையைப் பாறையில் வைத்து ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணும் குரல் அல்ல, வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் பேசும் குரல். அவர் பேசி முடித்த பிறகு, யாரும் தட்டாமலே, உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது.

மாமா கிரேன்காரரைப் பார்த்துக் கையை வீசினார். தொட்டி ஏறும்போதே என்னைப் பார்த்து, "மேல போ ஆத்தா, ஓடு" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மேலே வந்ததும் மேஸ்திரி முதலில் கேட்டார். "யாரு சார் உள்ள?"

மாமா தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. "இனி யாரும் எறங்கக் கூடாது. அந்தப் பக்கம் நிக்காது" என்றார்.

"என்ன மச்சான் சொல்றீக? இன்னும் ரெண்டு வெடி போட்டா ஊத்துக் கண்ணு தெறந்துரும்," என்றார் அப்பா. "கொடி கருகுதுல்ல. ஒங்க சபைக் கதையை இங்கன வந்து சொல்லாதீக."

அப்பா விளையாட்டுக்கல்லாமல் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. மேஸ்திரியின் தம்பி, துளை போடும் கருவி கீழே கிடக்கிறது, அதை மட்டும் எடுத்து வந்துவிடுகிறேன் என்று தொட்டியில் கால் வைத்தார். மாமா அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். அதன்பின் தானே போய்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். போட்டோவில் கோட்டு சூட்டில் நிற்கும் விஞ்ஞானி, சேறு அப்பிய இரும்புத் தொட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தபோது, மலைப்பக்கம் பத்து லாரிச் சல்லியை ஒரே சமயத்தில் கொட்டியதுபோல ஓர் ஓசை வந்தது. அப்பா செருப்பைக்கூடத் தேடவில்லை. நாங்கள் போனபோது தோட்டத்துக்கு மேல் வெள்ளைத் தூசி நின்றுகொண்டிருந்தது. கிணற்றின் மேற்குச் சுவர் முழுதாக இறங்கி, பாதிக் கிணற்றை நிரப்பியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த கல்மேடையைக் காணவில்லை.

வீட்டில் இருந்த மாமா எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். மேஸ்திரி அவர் காலைத் தொட வந்தார், மாமா விலகிக்கொண்டார். ஆட்கள் தூசி அடங்கும் வரை காத்திருந்து எட்டிப் பார்த்தார்கள். எலும்பு தெரிகிறதா, பொந்து தெரிகிறதா என்று தேடினார்கள். உடைந்த பாறையின் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு விரல் நுழையும் இடம்கூட அதில் இல்லை. எல்லாம் பாறை.

கொடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கோடையில் பந்தலைப் பிரித்துவிட்டு, அடுத்த மழைக்கு அப்பா வாழை வைத்தார். மாமாவை அதன்பிறகு அவர் சீண்டியதில்லை. மலையின் வயதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. மாமா பல வருடம் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றார். இப்போதும் சபைக் கூட்டங்களில், பாறைகள் படைப்புக்குச் சாட்சி சொல்கின்றன என்று மணிக்கணக்கில் பேசுகிறார் என்று கேள்விப்படுகிறேன். ஒருமுறை நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எங்கெங்கோ இருக்கும் பாறைகளையெல்லாம் சொன்னார். எங்கள் கிணற்றைச் சொல்லவில்லை. அவர் எந்தக் கூட்டத்திலும் அதைச் சொன்னதில்லை என்று அத்தை சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவர் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக் காரில் வைத்தவர், என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். எதிரே உட்கார்ந்து, பெரிய ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"நேத்து நீ என்ன கேட்ட? கேட்டதை மட்டும் சொல்லு. நெனச்சதைச் சொல்லாத."

"நீங்க மூணு தட்டினீங்க, அங்கன மூணு கேட்டுச்சு. ரெண்டு தட்டினீங்க, ரெண்டு கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க பேசினீங்க. அது ஒண்ணு தட்டுச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாறை ஒடையிறதுக்கு முன்னால உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா விரிசல் விடும். அப்பச் சத்தம் போடும். இரும்பும் போடும், கண்ணாடியும் போடும். அதைக் கேக்குறதுதான் என் வேலையே" என்றார். எனக்குச் சொல்லவில்லை. மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்துப் பார்க்கிற பிள்ளையைப்போலச் சொன்னார்.

"அதுக்கு எண்ணத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நேற்றைய ஒலிப்பதிவு திரையில் இருந்தது.

"போடுங்க மாமா, கேப்போம்."

"நான் இன்னும் கேக்கல ஆத்தா" என்றார். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து அதை அழித்தார். அழிக்கவா என்று போன் இன்னொரு முறை கேட்டது. அதற்கும் சரி என்று அழுத்திவிட்டு எழுந்தார்.

கார் கிளம்பித் தார்ச்சாலை திரும்பும் வரை கையாட்டிக்கொண்டிருந்தேன். கேட்காமலே ஏன் அழித்தார் என்று எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அம்மாவின் போனில் அப்போதெல்லாம் அடிக்கடி இடம் தீர்ந்துபோகும். மாமாவின் போனிலும் இடம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.