வெள்ளி நிறத்துச் சீவல்

“அண்ணா, பத்து நிமிசம் நிறுத்துங்க!” என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறார் தனப்பிரியா. பின்பக்கத் தறிப்பட்டறையிலிருந்து கண்ணுசாமியின் குரல் வருகிறது: “தெனமும் உன்ற ரோதனை பெரிய ரோதனையாப் போச்சு சாமி!” வைதபடியே விசைத்தறிகளை நிறுத்தியும் விடுகிறார். உடனே தனப்பிரியா ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, வேலையைப் பார்க்க வந்திருக்கும் என்னை ஒரு முறை முறைக்கிறார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

மல்லசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து, இந்த ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் வேலை பார்க்கிறார். நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கைப் பிசினில் இறுக வைத்து, வைரக் கத்தியால் சீவ வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அப்போதுதான் எலெக்ட்ரான் கதிர் ஊடுருவி, செல்லுக்குள் மூலக்கூறுகள் பின்னிக் கிடப்பதைக் காட்டும். சீவிய ஏடு தண்ணீரில் மிதக்கும். வெள்ளி நிறமாக மின்னினால் சரி. “பொன்னாத் தெரிஞ்சா தடிப்புங்க. ஊதான்னா குப்பைக்குத்தான்.” சேலம் ஜில்லாவில் பொன்னைக் கண்டு முகம் சுளிக்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

அந்த ஏட்டை நகர்த்த ஒரு குச்சி. அதன் நுனியில் ஒற்றை முடி ஒட்டியிருக்கிறது. என்னவென்று கேட்டேன். “எம்பட இமைமுடிங்க. இதவிட நைசா ஒண்ணுங் கெடைக்கல.” விலை கொடுத்து வாங்கிய கருவியெல்லாம் பெட்டியில் தூங்குகிறது.

இரண்டாம் தடவை நான் போயிருந்த வியாழக்கிழமை அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஜலகண்டாபுரத்துச் சௌந்தர்யாவுக்கு எட்டு வயது. சிறுநீரில் ரத்தம் போகிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சவ்வு அடுக்கடுக்காகப் பிரிகிற வியாதி என்றால் வளர வளரச் சிறுநீரகமே கெட்டுவிடும்; சவ்வு மெலிந்திருப்பது மட்டும்தான் என்றால் பயமில்லை. எதுவென்று பிரித்துக் காட்டத்தான் இந்தப் படம். ஊசி குத்தி எடுத்த துணுக்கில் முக்கால்வாசியை முந்தாநாள் தனப்பிரியாவே பாழாக்கியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் தறி ஓடாது என்று நம்பி, குரல் கொடுக்காமல் சீவத் தொடங்கியிருக்கிறார். கண்ணுசாமியோ அவசர ஆர்டர் என்று ஓட்டிவிட்டார். அதிர்வில் படம் முழுக்கக் கோடு கோடாக, உழுத காடு மாதிரி. “எம்பட தப்புத்தானுங்க. அவரு என்ன பண்ணுவாரு?”

மிச்சமும் கெட்டால் குழந்தைக்கு மறுபடி ஊசி. அதற்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தாள் அம்மா.

அன்றைக்குக் கண்ணுசாமி தானாகவே தறிகளை நிறுத்திவிட்டிருந்தார். தனப்பிரியா மூச்சை அடக்கிச் சீவும் கருவியின் சக்கரத்தைச் சுற்றினார். ஓர் ஏடு, இரண்டு, மூன்று. மூன்றும் வெள்ளி. நானும் மூச்சு விடவில்லை, சத்தியமாக. சாயம் ஏற்றி நுண்ணோக்கிக்குள் வைத்தால், திரையில் ஒரு கோடுகூட இல்லை. டாக்டர் ஆலியா வெகுநேரம் பார்த்தார். “சவ்வு மெல்லிசாத்தான் இருக்கு. ஆனா எங்கயும் பிரியல. நாம பயந்த வியாதி இல்ல. ஊசியும் வேண்டாம்.”

அப்பாடா!

டாக்டர் வராந்தாவுக்குப் போய்ச் சொன்னதும், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பின்னாலேயே வந்த தனப்பிரியா, தான் யாரென்று சொல்லவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அரிசிம்பருப்புச் சோற்றை ஒரு வாய் பிசைந்தெடுத்து, குழந்தையின் முன்னால் குந்தினார். “ஆ காட்டு சாமி.”