தாதா என்றால் அக்கா

போன வாரம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண்ணின் ஹெட்போனிலிருந்து ஒரு தமிழ் ராப் பாட்டு கசிந்தது. சொற்கள் பிடிபடவில்லை, அடி மட்டும் கேட்டது. எனக்கு உடனே மூக்கில் ஈயம் உருகும் வாசம் வந்துவிட்டது. பாட்டுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நான் வேலை பார்த்த இடம் அப்படி.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடை. முதலாளி செல்வம் அண்ணன் ஒரு மூலையில் ஈயம் உருக்கிப் போன் ரிப்பேர் செய்வார். இன்னொரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பேன். டிப்ளமோ படித்தவளுக்கு இதுதான் வேலையா என்று அம்மா புலம்புவாள். எனக்கோ ஊர்க்காரர்களின் ரகசிய ரசனையெல்லாம் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். முறுக்கு மீசைக்காரர்கள்தான் சோகப் பாட்டாகத் தேடி வாங்குவார்கள்.

அங்கேதான் நீமா வந்தாள். தான்சானியாக்காரி. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தாள். அவள் படியேறியதும் கடையில் பேச்சு நின்றது. ஒருவர் போனைத் தூக்கிப் படம்கூட எடுத்தார். அவள் அதைக் கவனிக்காதது போல, பழைய கார்டிலிருக்கும் பாட்டுகளைப் புதுப் போனுக்கு மாற்றித் தரச் சொன்னாள். மாற்றும்போது ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன். படபடவென்று ஒரு பெண் குரல். யார் பாடுவது என்று கேட்டேன். நான்தான் என்றாள். பஸ்ஸில் தன் பக்கத்து சீட் மட்டும் ஏன் காலியாகவே வருகிறது என்பதுதான் அந்தப் பாட்டின் பொருளாம்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தாள். கடையிலேயே உட்கார்ந்து தமிழ் பழகினாள். என்னைத் ‘தாதா’ என்று கூப்பிடுவாள். “ஏம்மா, உன்னைய ரவுடிங்குதே அந்தப் பொண்ணு?” என்று செல்வம் அண்ணன் பயந்துபோனார். அவள் மொழியில் தாதா என்றால் அக்கா.

எதிர்க்கடையில் சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்று தொங்கும். ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இங்க எல்லாரும் கறுப்பு. அது மட்டும் யாரு?” என்றாள். எங்கள் தெருவில் எனக்குப் பட்டப்பெயரே கருவாச்சி. விழுந்து விழுந்து சிரித்தேன். என் கைப்பையில் அதே கிரீம் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

விடுதி பிடிக்காமல் அவள் வாடகைக்கு வீடு தேடினாள். நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் அவளைப் பார்த்ததுமே, சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றார்கள். அடுத்த வீட்டுக்கு அவளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். என்ன ஒரு புத்திசாலி!

“எந்த ஊரும்மா?” என்றார் வீட்டுக்காரர்.

“பூலாம்பாடிங்க.”

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிதாங்க.”

“அடடா, இப்பதாம்மா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.”

திரும்பி வந்து நீமாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. “நீயும் அவரும் ஒரே கலர். எப்படிக் கண்டுபுடிச்சாரு?”

“கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க.”

“என்கிட்ட கேக்கவே வேணாம்” என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு டீக்கடையில் ஆளுக்கொரு கிளாஸ் டீ குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினோம்.

அந்தப் பகல்தான் பாட்டானது. தன் மொழியான சுவாஹிலியில் அவள் எழுதினாள். நடுவில் என்னுடையதாக இரண்டு வரி: ‘எந்தத் தெருன்னு கேக்குறீங்களே, காத்துக்கு எந்தத் தெருவுங்க?’ கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பதிவு செய்தோம். இரைச்சல் விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, செல்வம் அண்ணன் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்.

கல்லூரி ஆண்டு விழாவில் பாடுவதற்கு நீமா பெயர் கொடுத்தாள். விழாவுக்குப் பொறுப்பான ஆசிரியர், “பாட்டெல்லாம் வேணாம்மா. இலை தழை கட்டிக்கிட்டு உங்க ஊரு டான்ஸ் ஆடு, ஜனங்க ரசிப்பாங்க” என்றாராம். நகரத்தில் மாடி வீட்டில் வளர்ந்தவள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கு ஜீன்ஸும் வெள்ளைச் சட்டையுமாக மேடையேறிப் பாடத் தொடங்கினாள். அவள் அழைத்து நானும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஊளைச் சத்தம், விசில். தமிழ் வரி வந்ததும் அரங்கம் ஒரு கணம் அடங்கியது. பின்வரிசைப் பையன்கள் ‘ஓ’ என்று எழுந்தார்கள். உடனே மைக் செத்தது.

அவள் நிறுத்தவில்லை. கைதட்டிக்கொண்டே பாடினாள். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் எழுந்து என் வரிகளைப் பாடினேன். சுருதி எங்கேயோ போனது. மேடையிலிருந்து அவள் என்னைக் கண்டுபிடித்துக் கை நீட்டினாள். அதற்குள் விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

தண்டனை என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. விடுதியில் சனிக்கிழமை அனுமதி மட்டும் அவளுக்குக் கிடைக்காமலே போனது. போனில்தான் பேசினோம். இனிமேல் பாட்டு எழுதுவதில்லை, படித்து முடித்துப் போனால் போதும் என்றாள். நல்லபடியாகப் படித்தும் முடித்தாள்.

வழியனுப்ப அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது. “அழுவாதடி, அக்காடி” என்றாள் அதன் அம்மா. “அக்காதான்” என்றாள் நீமா, சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில். வண்டி வந்தது, ஏறினாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் தேடி முடிப்பதற்குள் நகர்ந்துவிட்டது.

கொஞ்ச நாள் மெசேஜ் வந்தது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, பிறகு இல்லை. அந்த நம்பரில் இப்போது யாரோ ஓர் ஆண் எடுக்கிறார். மெமரி கார்டு காலம் முடிந்து செல்வம் அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டார். பாட்டு இருந்த கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது. கடை இருந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள். நீமாவின் நாட்டுப் பிள்ளைகள் யாரும் இப்போது பெரம்பலூரில் கண்ணில் படுவதில்லை.

என் இரண்டு வரிகள் மட்டும் எனக்குப் பாடமாக இருக்கின்றன. மீதிப் பாட்டு அவள் மொழியில் இருந்தது. அவள்தான் என் மொழியைக் கற்றுக்கொண்டாள். அவள் மொழியில் ‘தாதா’வைத் தவிர எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.