காளியண்ணன் கிரைண்டரைப் பிரித்த நாள்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் காளியண்ணனிடம் திட்டு வாங்காத ஆளே கிடையாது. எஸ்டேட் பட்டறையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இரவல் வாங்கிய ஸ்பேனரை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தால் போதும், நம் பரம்பரையையே இழுப்பார். நான் பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். எனக்கும் வாய் சும்மா இருக்காது. பக்கத்து வீடு வேறு, கேட்கவா வேண்டும்? அவரை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி வேலம்மாக்கா. அக்கா ஓர் அதட்டுப் போட்டால் மனுஷன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்.

அந்த அக்காதான் போய்விட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர் வீடு திரும்பவில்லை. எங்கள் இடுகாடு தேயிலைக்கு மேலே, காட்டை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. புது மண் என்றால் காட்டுப்பன்றிகள் விடுவதில்லை. போன வருஷம் ஒரு குழியை அவை கிளறிப் போட்டதை லயமே பார்த்தது. அக்காவுக்கு அந்தப் பயம் மனதில் தங்கிவிட்டது போல. கடைசியாகப் புருஷனிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"என்னய பன்னி தோண்டாம பாத்துக்குங்க."

பால் ஊற்றப் போன காலையில் குழியைச் சுற்றிக் குளம்புத் தடம் கிடந்தது. மண் இறங்காமல் சிமெண்டு பூச முடியாது. காளியண்ணன் நேரே வீட்டுக்கு வந்து, குழிக்கு வேலி அடிக்கப் பின்பக்கம் கிடந்த இரும்புக் கம்பிகளை இழுத்துப் போட்டார். வெல்டிங் செட்டை எங்கள் லயத்துப் பையன் ராஜு கொண்டுவந்து கொடுத்தான். கம்பியை அறுக்கத் தன்னுடைய பழைய கிரைண்டரை எடுத்தார் அண்ணன். பட்டறையில் கழித்துப் போட்டதை எடுத்துவந்து பல வருஷமாக ஓட்டிய மெஷின். அன்றைக்குப் பார்த்து அது முனகக்கூட இல்லை.

முதலில் அதே பிளக்கில் விளக்கை மாட்டிப் பார்த்தார், எரிந்தது. வயர் மடங்கும் இடங்களை விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அறுக்கும் தட்டைக் கையால் சுழற்றினார், தடையில்லாமல் சுற்றியது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும் என்றேன். கழற்றிக் காட்டினார், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கியா பார்ம் ஊரில் தெரிந்தவரிடம் நல்ல கிரைண்டர் இருக்கிறது, நாளைக்கு வாங்கி வருகிறேன், இந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்றேன்.

"இன்னிக்கு ராத்திரி பன்னி வந்தா நீ போயி நிப்பியாலா?" என்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது தூசி படிந்த சுவிட்ச்தான்; எப்போதுமே மயிரிழைதான் நகரும் என்பதால் அது அசையாததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவிட்சின் இடுக்கெல்லாம் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். அதன்மேல் குங்குமச் சிவப்பு.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினின் உடம்பில்தான் பொட்டு வைப்போம். அக்கா மட்டும் சுவிட்சில்தான் வைப்பார். அங்கேதானே அதற்கு உயிர் இருக்கிறது என்பார். மறுநாள் காலை அண்ணன் அதை வழித்துத் துடைத்துக்கொண்டே போடும் சத்தம் என் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்கும். இந்த வருஷம் துடைக்க ஆள் இல்லை. பூஜைக்கு மறுநாள்தான் அக்காவைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னீரில் கரைத்த சந்தனம் உள்ளே வழிந்து, சுவிட்சை நகரவிடாமல் இறுகிவிட்டது. வெளியே பொட்டின் நடுவில் அக்காவின் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.

நான் கையை நீட்டினேன். கொடுங்கள், நான் சுரண்டுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

"அவ கை பட்டது கடைசியா இதுலதான் குணா. இத எடுத்தாத்தான் அவளுக்கு வேலி."

சின்னத் திருப்புளியால் அவரே சுரண்டினார். உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த விரல் பள்ளத்தைக் கடைசிவரை விட்டுவைத்தார். ஆனால் பொட்டு பாதி நகரும் கட்டையிலும் பாதி மூடியிலும் ஒட்டியிருந்தது. அது போகாமல் சுவிட்ச் அசையாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தினார். பொடியாக உதிர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சமாதானம் சொல்ல வந்த நானும் அழுதேன்.

மூடியைப் பூட்டிச் சுவிட்சைத் தள்ளியதும் மெஷின் பழையபடி அலறியது. தூறலில் நனைந்துகொண்டே அறுத்தோம், ஒட்டினோம். இருட்டுவதற்குள் நானும் ராஜுவும் லயத்து ஆட்களுமாக வேலியை மேட்டுக்குத் தூக்கிப்போய் ஆழமாக நட்டோம். அண்ணன் ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

விடிந்ததும் நான் மேலே ஓடினேன். வேலியைச் சுற்றிலும் மண்ணைக் கிளறிவிட்டுப் போயிருந்தன சனியன்கள். உள்ளே ஒரு பிடி மண்கூட அசையவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மூச்சு வாங்க வந்து சொன்னேன். காளியண்ணன் வாசலில் உட்கார்ந்து கிரைண்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வயரைச் சுற்றி முடித்தார், பிறகு பிரித்து மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

"அவ கேட்டது அது ஒன்னுதான், செஞ்சாச்சு. இனிமே அவளுக்குன்னு நான் செய்ய என்னா இருக்கு, குணா?"